கால்சியம் மட்டும் பார்த்தால் போதாது

கால்சியம் குறைபாடு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ரத்தத்தில் கால்சியம் (டெசிலிட்டருக்கு) 8.5 மில்லிகிராமுக்குக் கீழே போனாலே மாத்திரை தொடங்க வேண்டும் என்பதுபோல் அது முடிகிறது. அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. தண்டையார்பேட்டையில் ஒரு லேப்பில் டெக்னீஷியனாக இருக்கிறேன். போன மாதம் காசிமேட்டிலிருந்து ஒரு அம்மா, வீட்டுக்காரரின் ரிப்போர்ட்டோடு பதறிப்போய் வந்தார். வீட்டுக்காரருக்குக் கல்லீரல் கெட்டு வயிறு வீங்கியிருக்கிறது. கால்சியம் 7.4 என்பதைச் சுற்றிச் சிவப்புப் பேனாவில் வட்டம். நாலு வரி கீழே, கல்லீரல் உருவாக்கும் ரத்தப் புரதமான ஆல்புமின் 2.2 கிராம். அதை யாரும் கவனிக்கவில்லை.

ரத்தத்திலுள்ள கால்சியத்தில் சுமார் 40 சதவீதம் புரதத்தோடு, முக்கியமாக ஆல்புமினோடு, ஒட்டிக்கொண்டு போகிறது. உடம்பில் வேலை செய்வது ஒட்டாமல் தனியாக இருக்கும் அயனி கால்சியம்தான். ஆல்புமின் குறைந்தால் மொத்த அளவும் குறையும். அயனி அளவு அப்படியே இருக்கலாம். அதனால் ஆல்புமினின் வழக்கமான அளவாகக் கொள்ளும் 4இலிருந்து நோயாளியின் ஆல்புமினைக் கழித்து, 0.8ஆல் பெருக்கி, வந்ததைக் கால்சியத்தோடு கூட்டுவார்கள். அந்த வீட்டுக்காரருக்கு 8.8 வந்தது, அதாவது 8.5க்கு மேலேதான். "டாக்டர்கிட்ட இதையும் காட்டுங்கம்மா" என்று ரிப்போர்ட்டிலேயே எழுதிக் கொடுத்தேன்.

சரி, இந்தக் கணக்கை எல்லோருக்கும் நம்ப முடியாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ஐசியூவில் கிடப்பவர்கள் விஷயத்தில் ஏமாற்றிவிடும். அங்கே அயனி கால்சியத்தையே நேராக அளக்க வேண்டும். அப்புறம், ரத்தம் எடுக்கும்போது கைப்பட்டையை நெடுநேரம் இறுக்கி வைத்தாலும் மொத்தக் கால்சியம் கூடுதலாகக் காட்டும்.

மருத்துவர்கள் சீட்டில் கால்சியத்தோடு ஆல்புமினையும் எழுதிவிட்டால், அதே ரத்தத்திலேயே நாங்கள் பார்த்துவிடுவோம். நோயாளியை இன்னொரு முறை குத்த வேண்டியதில்லை.