நாய்க்குப் போய்க் காப்புறுதியா என்று கேட்ட அண்ணனுக்கு

சனிக்கிழமை நான் போட்ட படத்துக்குக் கீழே "நாய்க்குப் போய்க் காப்புறுதியா" என்று ஒரு கருத்து வந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கருத்தை நான் அழிக்கவில்லை. எழுதியவர் எனக்கு அண்ணன் முறை. இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

சின்னு எங்களோடு ஆஸ்திரேலியாவுக்கு வருகிறாள். அவளுடைய பயணத்துக்குக் காப்புறுதி எடுத்திருக்கிறேன். ஆமாம், நாய்க்குத்தான். 640 சிங்கப்பூர் வெள்ளி. இதில் நான் வெட்கப்பட ஒன்றுமில்லை.

"அஞ்சு மணி நேர விமானம், அதுக்கு ஒரு காப்புறுதியா" என்று எழுதியிருந்தீர்கள், அண்ணா. நாங்கள்தான் ஐந்து மணி நேரத்தில் பெர்த் போய்ச் சேருவோம். அவளால் அப்படிப் போக முடியாது. சிங்கப்பூரிலிருந்து போகும் நாயும் பூனையும் முதலில் மெல்பர்னில்தான் இறங்க வேண்டும். அங்கே மிக்கல்ஹாமில் அரசாங்கத்தின் தனிமைப்படுத்தும் நிலையத்தில் குறைந்தது 10 நாள் இருக்க வேண்டும். போய்ப் பார்க்க விடமாட்டார்கள். உடம்புக்கு ஏதாவது வந்தால் மருத்துவச் செலவு நம்முடையது. அது முடிந்து பெர்த்துக்கு இன்னொரு விமானம். அவளுக்கு ஒன்பது வயது.

இன்னொன்றும் சொல்கிறேன். அவள் போவது சரக்காக. அந்த நாட்டு விதி அப்படி. சரக்குக்கு ஏதாவது ஆனால் விமான நிறுவனம் எவ்வளவு தர வேண்டும் என்று 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கை வரம்பு வைத்திருக்கிறது. 2024 டிசம்பர் 28 முதல் அது கிலோவுக்கு 26 எஸ்டிஆர் (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு), நம் காசுக்கு ஏறத்தாழ 45 வெள்ளி. மதிப்பைத் தனியாக அறிவித்துக் கூடுதலாகக் கட்டினால்தான் அதற்கு மேல். கூண்டோடு சேர்த்து சின்னு 22 கிலோ. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறத்தாழ ஆயிரம் வெள்ளிதான் வரும். அவளை எடை போட்டு விலை சொல்கிற இடத்துக்கு அனுப்பும்போது நான் ஒரு காகிதமாவது கையில் வைத்திருக்க வேண்டாமா?

காப்புறுதி எடுத்தால் செத்த நாய் திரும்பி வருமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். வராது, தம்பி. உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் போன வருடம் அவள் மாங்கொட்டையை விழுங்கிவிட்டு, இரவு பதினொரு மணிக்கு விலங்கு மருத்துவமனை முகப்பில் நான் நின்ற நிலையை நீங்கள் பார்க்கவில்லை. அறுவை சிகிச்சைக்கு 5,800 வெள்ளி, பாதியை முன்பணமாகக் கட்டச் சொன்னார்கள். உள்ளே அவள் முனகுகிறாள், வெளியே நான் போனில் வங்கிக் கணக்கைத் திறந்து கூட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கூட்டலை இன்னொரு முறை, அதுவும் அவள் மெல்பர்னில் தனியாகக் கிடக்கும்போது, நான் போடமாட்டேன். அதற்குத்தான் காப்புறுதி. ஏற்கெனவே இருந்த பாலிசி சிங்கப்பூருக்கு வெளியே செல்லாது என்று விசாரித்த பிறகுதான் புதிதாக எடுத்தேன்.

"அந்தக் காசில் ஊரில் ஒரு பிள்ளையைப் படிக்க வைக்கலாம்." அத்தை மகளின் கல்லூரிக் கட்டணத்தை மூன்று வருடமாக யார் கட்டுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும், அண்ணா. இதற்கு மேல் நான் சொல்லமாட்டேன்.

இங்கேயே யாரிடமாவது விட்டுவிட்டுப் போகலாமே என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது? அப்பா மாத்திரைப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டாலே ஓடி வருவாள். மாத்திரையோடு அவர் தின்னும் மேரி பிஸ்கட்டில் பாதி அவளுக்கு. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், பேச்சே குழறிப்போன நிலையில், வீட்டைப் பற்றியோ காசைப் பற்றியோ அப்பா கேட்கவில்லை. "அவ சாப்பிட்டாளா?" தினமும் அதே கேள்வி. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த அந்த ஒரு மாதத்தில் நீங்கள் ஒருநாள்கூட வரவில்லை, அண்ணா. அப்போது நான் ஒன்றும் கேட்கவில்லை. ஊர் பார்க்க என் பதிவின் கீழே வந்து "நாய்க்குப் போய்" என்று எழுத மட்டும் நேரம் கிடைத்திருக்கிறது.

அப்பாவின் கைலி ஒன்றைக் கூண்டில் போட்டு அனுப்ப நினைத்தேன். அங்கே இறங்கியதும் படுக்கைத் துணியை எல்லாம் எடுத்து அழித்துவிடுவார்களாம். அதனால் இப்போதே கூடத்தில் கூண்டைத் திறந்து வைத்து, அதில் கைலியை விரித்துப் பழக்குகிறேன். நேற்றிலிருந்து தானாகவே உள்ளே போய்ப் படுக்கிறாள்.

புறப்பாடு 14ஆம் தேதி, அண்ணா. அதற்கு முன் ஒருநாள் யீஷுன் வீட்டுக்கு வாருங்கள். அவள் உங்களை மறந்திருக்கமாட்டாள்.