அரிசி வாங்க ஐசி (அடையாள அட்ட) நம்பர் எதுக்குயா?

சம்பள வாரம், மலேசியாவுல பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் டவுன்ல கால் வைக்க எடமில்ல, அம்மாவ கூட்டிக்கிட்டு சூப்பர்மார்க்கெட் போனேன். அரிசி, எண்ணெய், மைலோ, அவ்ளோதான். கவுண்டர் பொண்ணு ஒரு சாமானக்கூட இன்னும் ஸ்கேன் பண்ணல, "போன் நம்பர் கா?" வேணாம்மான்னா "மெம்பர் இல்லன்னா வெல வேற கா"ங்குது. ரேக்ல பெருசா போட்டிருந்த வெல மெம்பருக்கு மட்டுமாம், அடியில எறும்பு சைஸ்ல எழுதியிருக்கானுங்க! சரி தொலையுதுன்னு நம்பர சொன்னா அடுத்து "ஐசி நம்பர் கா".

அரிசிக்கு ஐசியா? நான் என்ன பேங்க் லோனா கேக்குறேன்?

நான் வாயத் தொறக்குறதுக்குள்ள எங்கம்மா, முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டி பால் எடுத்தவங்க, தோட்டத்துக் குமாஸ்தா, அதான் கிராணில இருந்து கிளினிக் வரைக்கும் யார் கேட்டாலும் ஐசிய நீட்டியே பழகுனவங்க, பன்னண்டு நம்பரையும் வாய்ப்பாடு மாதிரி சத்தமா ஒப்பிச்சிட்டாங்க. பின்னாடி வரிசையில எட்டு பேரு காத கொடுத்துக்கிட்டு நிக்கிறாங்க. மொத ஆறு நம்பர் பொறந்த தேதி, அடுத்த ரெண்டு பொறந்த எடம், பேராக்னா 08, கடைசி நம்பர் ஒத்தப்படைன்னா ஆம்பள, ரெட்டப்படைன்னா பொம்பள. இதோட பேரும் போன் நம்பரும் கெடச்சா, "போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து பேசுறோம், உங்க பேர்ல கேஸ் இருக்கு"ன்னு மிரட்டுறவனுக்கு வேற என்னய்யா வேணும்? 2017ல 46.2 மில்லியன் போன் நம்பரோட விவரம் கசிஞ்சுச்சே, நாட்டு ஜனத்தொகைய விட ஜாஸ்தி, மறந்துட்டோமா?

மேனேஜர கூப்பிடுன்னேன். வந்தாரு. எதுக்கு ஐசின்னு கேட்டா "சிஸ்டம் கேக்குது லா". சிஸ்டம் என்ன சாமியா, கேட்டதெல்லாம் படைக்க? (அந்தப் பொண்ணு மேல கோவம் இல்ல, பாவம், சொன்னத செய்யுது.) 2010லயே தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் போட்டாச்சு, 2013 நவம்பர்ல இருந்து அமல்ல இருக்கு. எதுக்கு வாங்குற, யாருக்குக் குடுப்பன்னு எழுதிக் காட்டணும், தேவைக்கு மேல வாங்கக்கூடாது, விளம்பரத்துக்கு என் நம்பர தொடாதன்னு எழுதிக் குடுத்தா கடைக்காரன் நிறுத்தித்தான் ஆகணும். 2024ல சட்டத்த திருத்தி அபராதத்த 1 மில்லியன் வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் ஏத்திட்டாங்க, இங்க எவனுக்கு பயம்? அந்த நோட்டீஸும் மலாய்லயும் இங்கிலீஷ்லயும் இருந்தா போதுமாம், தமிழ்ப்பள்ளியில மூணாங்கிளாஸோட நின்ன எங்கம்மா எதப் படிச்சு எதுக்கு சம்மதிக்கிறது?

அன்னிலேருந்து கடன் வேணுமா, லக்கி டிரா விழுந்திருக்குன்னு அம்மா போனுக்கு மெசேஜ் மேல மெசேஜ், அந்தக் கடைதான் வித்துச்சுன்னு என்னால நிரூபிக்க முடியாது, அதுதான் இன்னும் எரியுது. போன வாரம் கடையிலருந்தே ஒண்ணு வந்துச்சு, பேரெல்லாம் போட்டு "செலாமாட் ஹாரி ஜாடி"ன்னு மலாய்ல பொறந்தநாள் வாழ்த்து.

அம்மா பாத்துட்டு சிரிக்கிறாங்க. "அது பொறப்புப் பத்திரத்துல கிராணி போட்ட தேதிடி, நான் பொறந்தது தீபாவளிக்கு மொத நாளு."