இந்தியா கேட்டில் இருப்பவை விடுதலைப் போராட்ட வீரர்களின் பெயர்களா?

டெல்லி இந்தியா கேட்டில் 95,300 விடுதலைப் போராட்ட வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன என்றும், அவர்களில் 61,945 பேர் முஸ்லிம்கள் என்றும் ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் பல ஆண்டுகளாகச் சுற்றி வருகிறது. இது தவறு.

பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் பணியாற்றி, முதல் உலகப் போரிலும் 1919-இல் நடந்த மூன்றாம் ஆப்கன் போரிலும் உயிரிழந்தோருக்காக எழுப்பப்பட்ட நினைவுச் சின்னமே அது. 1921-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1931-இல் வைஸ்ராய் இர்வின் பிரபுவால் திறந்து வைக்கப்பட்டது. ஆட்சி செய்தவர்களே தங்களை எதிர்த்தவர்களுக்கு வளைவு கட்டியிருப்பார்களா என்று ஒரு கணம் யோசித்திருந்தாலே ஐயம் எழுந்திருக்கும். அதில் உள்ள பெயர்கள் 13,000-ஐச் சற்றே தாண்டும். அவை பெரும்பாலும் வடமேற்கு எல்லைப் பகுதியில் மாண்டவர்களுடையவை. மதவாரிக் கணக்கு எதுவும் அங்கே இல்லை.

இருந்தும் இப்படியொரு நம்பிக்கை வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. வங்கதேசப் போருக்குப் பின், 1972-இல் வளைவின் கீழ், உயிர்நீத்த வீரர்களின் நினைவாக அமர் ஜவான் ஜோதி என்னும் அணையாச் சுடர் ஏற்றப்பட்டதும், ஏகாதிபத்தியத்தின் போர்ச் சின்னம் சுதந்திர இந்தியாவின் அஞ்சலித் தலமாக மக்கள் மனத்தில் மாறிப்போனது. அச்சுடர் 2022 ஜனவரியில், 2019-இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தின் சுடருடன் இணைக்கப்பட்டது. 1947-க்குப் பின் உயிர்நீத்த வீரர்களின் பெயர்கள் அந்த நினைவகத்தில்தான் உள்ளன.

விடுதலைப் போரில் முஸ்லிம்களின் பங்கு வரலாற்றில் தெளிவாகப் பதிவாகியுள்ளது. அதை நிறுவ இந்தப் பொய்க் கணக்கு தேவையில்லை.