எல்லாம் ஒரிஜினல்

சார்: கார் கிளம்பவே மாட்டேன் என்கிறது. பேட்டரி புதிது. காயில் புதிது. பிளக் நான்கும் போன மாதம்தான் மாற்றினேன். இன்னும் என்னதான் தம்பி வேண்டும் இதற்கு?

மெக்கானிக்: நீங்கள் கொஞ்சம் இறங்க வேண்டும், சார்.

சார்: 84-ஆம் வருடத்து பிரீமியர் பத்மினி கார். மும்பை குர்லா ஃபாக்டரியிலிருந்து வந்த அதே பெயின்ட். எல்லாம் ஒரிஜினல்!

மெக்கானிக்: பேட்டரி, காயில், பிளக் போக. ஆக்சிலேட்டரை எத்தனை முறை மிதித்தீர்கள்?

சார்: பதினைந்து இருக்கும். குளிர்ந்த என்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டித் தரும் சோக்கையும் முழுதாக இழுத்துத்தான் வைத்திருக்கிறேன்.

மெக்கானிக்: ஒவ்வொரு மிதிக்கும் கார்புரேட்டர் ஒரு வாய் பெட்ரோலைப் பீச்சும். உள்ளே தெப்பக்குளமே கட்டியிருக்கும்.

(இதற்குள் எதிர்வீட்டுக்காரர் வந்து, "தள்ளிப் பார்க்கலாமே?" என்றார். யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் எந்தப் பழைய காரும் கிளம்பி நான் பார்த்ததில்லை.)

மெக்கானிக்: பிளக்கைப் பாருங்கள். நுனியில் பெட்ரோல் சொட்டுகிறது, சுற்றிலும் விறகடுப்புக் கரி. வண்டியைத் தினமும் எடுக்கிறீர்களா?

சார்: தினமும்! காலை ஐந்தரைக்கு. மழை பெய்தாலும் தவறியதில்லை.

மெக்கானிக்: அப்புறம் எப்படி இவ்வளவு கரி? எதுவரை போவீர்கள்?

சார்: போவதா? ஷெட்டில்தான். சோக் இழுத்து ஸ்டார்ட் செய்வேன், இரண்டு நிமிடம் உறும விடுவேன், அணைப்பேன். பேட்டரி சார்ஜ் ஏற வேண்டாமா?

மெக்கானிக்: ஸ்டார்ட்டர் குடித்ததுகூட இரண்டு நிமிடத்தில் திரும்ப ஏறாது. 1089 சிசி என்ஜின் கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் அணைத்துவிடுகிறீர்கள். நன்றாகச் சூடேறினால்தான் பிளக்கில் படிந்த கரி எரியும். பத்துக் கிலோமீட்டராவது ஓட்டுங்கள், சார்.

சார்: ரோட்டிலா? தூசி படியுமே!

மெக்கானிக்: பெட்ரோல் எப்போது போட்டது?

சார்: தீபாவளிக்கு.

மெக்கானிக்: எந்தத் தீபாவளிக்கு?

சார்: ...

மெக்கானிக்: சரி, பெட்ரோலும் ஒரிஜினல்.

(பிளக்குகளைத் துடைத்துக் காயவைத்து மாட்டினார். சோக்கை உள்ளே தள்ளி, தேங்கிய பெட்ரோலைக் காற்று அடித்துப் போகட்டும் என்று ஆக்சிலேட்டரை ஒரே மிதியாகத் தரைவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினார். நாலைந்து இருமல், கொஞ்சம் கரும்புகை, பிறகு என்ஜின் சீராக ஓடியது. எதிர்வீட்டுக்காரருக்குத்தான் ஏமாற்றம்.)

மெக்கானிக்: ஏறுங்கள், புறவழிச்சாலை வரை போய் வரலாம். அம்மாவையும் கூப்பிடுங்கள்.

சார்: அவள் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். டவுன் பஸ்ஸில்.

மெக்கானிக்: வீட்டில் காரை வைத்துக்கொண்டா?

சார்: இந்த வெயிலில் பெயின்ட் மங்கிவிடும், தம்பி.

மெக்கானிக்: அம்மாவும் ஒரிஜினல்தான், சார்.

சார்: ... இரண்டு நிமிடம் ஆகியிருக்குமே, அணைத்துவிடலாமா?