247 இருக்க 24 எதற்கு என்று கேட்டவருக்கு

அந்தக் காணொளியைக் குன்னூரில் இனிமேல் பார்க்க யாரும் பாக்கி இருப்பதாகத் தெரியவில்லை. ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் கைதட்டல் சத்தத்தோடு சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆகவே விழாவைப் பற்றி விவரிக்கப் போவதில்லை. கிரேக்கத்தின் 24 எழுத்துகளில் தனக்குப் பிடித்தவற்றை அட்டையில் வரைந்து பிடித்து நின்ற ஒரு மாணவியைப் பார்த்து, "தமிழில் 247 எழுத்து இருக்க, 24 எழுத்துக்காரனிடம் உனக்கு என்னம்மா மயக்கம்?" என்று சிறப்பு விருந்தினர் கேட்டார், அரங்கமே சிரித்தது. அதைப் பற்றி மட்டும் பேச வேண்டும்.

அந்த அட்டையை வரைந்த பெண் என்னிடம் டியூஷன் படிக்கிறவள். 'எனக்குப் பிடித்த கிரேக்க எழுத்துகள்' என்பது தலைப்பு. கணக்கு இல்லை, சூத்திரம் இல்லை, வெறும் எழுத்துகள். சிரித்தவர்களில் எத்தனை பேர் அதைக் கிட்டப் போய்ப் பார்த்தீர்கள்? க்ஸை (ξ) என்கிற எழுத்தை மட்டும் பச்சை மையில் எழுதியிருந்தாள். மேலே ஒரு சின்ன வளைவு, அடுத்து உட்பக்கம் மடங்கி இன்னொரு வளைவு, கடைசியில் கோட்டுக்குக் கீழே இறங்கித் திரும்பும் வால். அந்த வால் சரியாக வரும்வரை அழித்து அழித்து எழுதியதில் தாளே அந்த இடத்தில் மெலிந்து போயிருந்தது. கல்லூரியில் இயற்பியல் முடித்தவர்களே க்ஸையை எழுதச் சொன்னால் ஏதோ ஒரு கிறுக்கலைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இவள் ஒன்பதாம் வகுப்பு.

ஓர் எழுத்து பிடித்திருப்பதற்கு யாரும் யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். பூவைப் பிடித்தால் காரணம் கேட்கிறோமா?

என் அப்பா நடத்துநர். மஞ்சூர் பஸ்ஸில் பல வருடம் ஓடியவர், எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். நான் பிளஸ் டூ படிக்கும்போது என் இயற்பியல் நோட்டை எடுத்துப் புரட்டுவார். பாடம் புரியாது, எழுத்துகளைப் பார்ப்பார். "இது யார் பாப்பா?" என்றார் ஒருநாள். லாம்டா (λ) என்றேன். "நன்றாகக் காலை அகட்டிக்கொண்டு நிற்கிறானே" என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்த தாளின் பின்பக்கத்தில் அதையே வரிசையாக எழுதிப் பார்த்தார். அலைநீளத்தைக் குறிக்கும் எழுத்து என்று விளக்கப் போனேன், அது அவருக்குத் தேவைப்படவில்லை. பிறகு ஒருநாள் ஊட்டி பக்கத்து முத்தோரையில் மலைச்சரிவில் படுத்துக் கிடக்கும் ரேடியோ தொலைநோக்கியைக் காட்டி, "உன் லாம்டா இங்கேயும் உண்டா?" என்று அவராகவே கேட்டார். உண்டு அப்பா. அது வாங்குகிற ரேடியோ அலையின் லாம்டா ஏறக்குறைய 92 சென்டிமீட்டர். 530 மீட்டர் நீளமுள்ள அந்தக் கருவியை 1970-இல் இங்கே இயக்கத் தொடங்கியதற்கும் காரணம் உண்டு. மலையின் சரிவு சுமார் 11 பாகை, ஊட்டியின் அட்சரேகையும் அதுவே. அதனால் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகக் கிடக்கிறது, ஒரே திசையில் திருப்பினாலே வானத்துப் பொருளைப் பல மணி நேரம் தொடர முடிகிறது. இதையெல்லாம் அப்பா வாய் பிளந்து கேட்டார். லாம்டா பிடித்திருந்ததால் கேட்டார். முதலில் பிடித்தது, பிறகுதான் கேள்வி வந்தது. வரிசை அதுதான். மேடையில் இருப்பவர்கள் அந்த வரிசையைக் கலைக்காமல் இருந்தால் போதும்.

உடனே சிலர் வருவீர்கள், தெரியும். "தமிழ்ப்பற்று இல்லாதவர்" என்பீர்கள். நான் தமிழ் வழியில் படித்தவள், இன்றைக்கும் தமிழ் வழிப் பிள்ளைகளுக்குத்தான் சொல்லித் தருகிறேன். தமிழ் வழிக் கணக்கு வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். 'எனவே' என்பதற்கான மூன்று புள்ளிகளைப் பிள்ளைகள் எந்தக் கூச்சமும் இல்லாமல் 'ஆய்த எழுத்து' என்பார்கள். பக்கத்திலேயே முக்கோணத்துக்கு டெல்டா நிற்கும், கோணத்துக்குத் தீட்டா நிற்கும். தமிழுக்கும் கிரேக்கத்துக்கும் அங்கே சண்டை வந்து நான் பார்த்ததில்லை. யவனர் மரக்கலத்தில் வந்து மிளகு வாங்கிப் போனதைப் பெருமையாக மேடையில் பேசுகிறீர்களே, அந்த முசிறித் துறைமுக வணிகத்தைப் பற்றிய கடன் ஒப்பந்தம் ஒன்று இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏட்டில் வியன்னாவில் பத்திரமாக இருக்கிறது. என்ன எழுத்தில் என்று நினைக்கிறீர்கள்? அந்த 24 எழுத்துக்காரன் எழுத்தில். மிளகு விற்ற பெருமை நமக்கு வேண்டும், வாங்கியவன் கணக்கு எழுதிய எழுத்து மட்டும் ஆகாதோ?

அவ்வளவு அந்நியம் என்றால் 2021-இல் கொரோனாவின் வகைகளை டெல்டா, ஒமிக்ரான் என்று டீக்கடை டீக்கடையாகப் பேசிக்கொண்டிருந்தது யார்? அப்போது யாரும் மயங்கவில்லை போலும். (அந்த வரிசையில் உலக சுகாதார நிறுவனம் நியூவையும் க்ஸையையும் தாண்டிப் போய் ஒமிக்ரானை எடுத்துக்கொண்டது. நியூ என்றால் 'புதிய' என்ற ஆங்கிலச் சொல்லோடு குழம்புமாம், க்ஸை ஒரு குடும்பப் பெயராம். பாவம் க்ஸை, நோய்க்குப் பெயர் வைக்கக்கூடக் கொடுத்து வைக்கவில்லை.)

"இதனால் மார்க் வருமா?" என்று கேட்பவர்களுக்கு: வரும். அதிர்வெண்ணுக்கான நியூவை ஆங்கில 'வி' போல எழுதித் திசைவேகத்தோடு குழப்பி மார்க்கை இழக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். எழுத்தின் முகம் தெரிந்தவள் குழம்ப மாட்டாள். ஆனால் மார்க் வராவிட்டாலும் என் பேச்சில் மாற்றமில்லை.

"நகைச்சுவையாகச் சொன்னார், பெரிதாக்காதீர்கள்." மேடையில் ஒலிபெருக்கியோடு நிற்கும் பெரிய மனிதர், கீழே அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பதினான்கு வயதுப் பெண்ணைப் பார்த்துச் சொல்வதை நான் நகைச்சுவை என்று சொல்ல மாட்டேன்.

நான் எழுந்து இரண்டு வார்த்தை பேச அனுமதி கேட்டேன். "அப்புறம் பேசிக்கொள்ளலாம் மேடம், நேரமாகிறது" என்றார்கள். நேரமாகிறதாம். அதன் பிறகு பொன்னாடை போர்த்துவதற்கு மட்டும் அரை மணி நேரம் இருந்தது. தமிழின் பெருமையைச் சொல்லி முடித்த கையோடு, பேரன் எந்தக் கான்வென்டில் படிக்கிறான், அங்கே தமிழில் பேசினால் எவ்வளவு அபராதம் என்றெல்லாம் அந்தச் சிறப்பு விருந்தினரே பக்கத்து நாற்காலிக்காரரிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்ததும் என் காதில் விழுந்தது. அந்தப் பையனுக்குத் தீட்டா பிடித்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள், 'அறிவு' என்பார்கள். தேயிலை பறிப்பவர் மகளான இவளுக்குப் பிடித்தால் மட்டும் மயக்கம். எனக்கு வலிப்பது இந்த இடத்தில்தான். கிரேக்கமும் தமிழும் வெறும் சாக்கு.

இதே ஊட்டியில், வானத்திலிருந்து பொழியும் மியூவான் என்ற நுண்துகள்களை எண்ணிக்கொண்டிருக்கிறது ஓர் ஆய்வுக்கூடம். 2014 டிசம்பரில் நம் தலைக்கு மேல் வந்த ஓர் இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் இருந்ததை, அந்த மியூவான்கள் குறைந்த அளவை வைத்தே கணக்கிட்டார்கள். மியூ என்ற எழுத்தின் பெயரைத்தான் அந்தத் துகள் சுமக்கிறது. மழைக்குப் பயந்து பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நாம் கதவைச் சாத்துகிற இடியைத்தான் சொல்கிறேன். அந்த ஆய்வுக்கூடத்துக்குள் நாளைக்கு நம் ஊர்ப் பெண் ஒருத்தி வேலைக்குப் போக வேண்டுமா, வேண்டாமா? அவள் அட்டையில் மியூவும் இருந்தது ஐயா, இரண்டாவது வரிசையில். நீங்கள் அதுவரை படிக்கவில்லை.

அடுத்த மாத விளையாட்டு விழாவுக்கும் அவர்தான் சிறப்பு விருந்தினராம். நீளம் தாண்டும் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக்காரன் கொடுத்த மீட்டர் எதற்கு? முழம் போட்டு அளக்கச் சொல்லுங்கள். கைதட்ட ஆள் இருக்கிறது.