தாமதமாக வந்த முதற்காட்சி

கனடாவின் சுயாதீனத் திரைப்படங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "நல்ல படமாக இருந்திருந்தால் எப்படியும் பெயர் வாங்கியிருக்குமே" என்று ஒருவராவது சொல்லிவிடுகிறார். சேகரிப்பாளர்களுக்கென்று சிறு நிறுவனங்கள் மீட்டமைத்து வெளியிடுகிற புளூரே இறுவட்டுகளைச் சில காலமாக விடாமல் பார்த்து வருபவன் என்ற முறையில், இந்தக் கூற்றை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தப் படங்களில் பல பார்வையாளர்களிடம் தோற்றுப்போனவை அல்ல; பார்வையாளர்களிடம் போய்ச் சேராதவை.

காரணம் படங்களுக்கு வெளியே இருக்கிறது. ஹொலிவூட் நிறுவனங்கள் கனடாவைத் தமது உள்நாட்டுச் சந்தையின் ஒரு பகுதியாகவே கணக்கில் வைத்திருக்கின்றன. நாடெங்கும் திரையரங்குகளை நடத்திய பேமஸ் பிளேயர்ஸ் நிறுவனமோ 1930 முதல் பல பத்தாண்டுகள் ஹொலிவூட் நிறுவனமான பரமவுண்டின் பிடியில் இருந்தது. அமெரிக்கப் படங்களுக்குக் கட்டுப்பாடு விதிக்காமல் இருந்தால், அவற்றில் கனடாவின் பெயர் ஆங்காங்கே உச்சரிக்கப்படும் என்றொரு ஏற்பாட்டுக்கு 1948இல் ஒட்டாவாவிலுள்ள கனடிய அரசு இணங்கியது. அதன் பலனாக, 1952இல் வந்த ஒரு கௌபோய் படத்தில், இரவில் கேட்கிற பறவைக் குரல் கனடாப் பறவையுடையது என்று ஒரு பாத்திரம் சொல்கிறது. ஒரு நாட்டின் திரைத்துறையை விட்டுக்கொடுத்ததற்குக் கிடைத்த விலை இது.

1967இல் ஒரு கோடி டொலர் முதலுடன் கனடியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டபோது, படம் எடுக்கப் பணம் கிடைத்தது. திரையரங்குகளின் கதவு திறக்கவில்லை. 1970களின் நடுவில் வந்த வரிச்சலுகை, கனடியப் படமொன்றில் போட்ட முதல் முழுவதையும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள இடம் கொடுத்தது. முதலீட்டாளருக்குப் படம் முடிந்தால் போதும், ஓட வேண்டியதில்லை என்ற நிலையில், எடுத்து முடித்த கையோடு அலமாரிக்குப் போன படங்கள் ஏராளம்.

இந்தக் கதிக்கு நான் முதலில் காட்டக்கூடிய சான்று, வினிபெக் நகரத்தவரான ஜோன் பெய்ஸ் 1985இல் எடுத்த 'கிரைம் வேவ்'. பளிச்சென்ற வண்ணத்தில் ஒரு குற்றப்படக் கதையை எழுதத் துடிக்கும் ஒருவனுக்குக் கதையின் தொடக்கமும் முடிவும் மட்டுமே வருகின்றன, நடுப்பகுதி வரவே மாட்டேன் என்கிறது. அவனாக நடிக்கும் இயக்குநர் படம் முழுக்கப் பேசாமலே இருக்க, அவன் குடியிருக்கும் வீட்டுச் சிறுமி நமக்குக் கதை சொல்கிறாள். 1950களின் பாடசாலைக் கல்விப் படங்களின் நிறத்தையும் குரலையும் கிண்டலும் பாசமும் கலந்து கையாள்கிற இப்படத்தை, வினிபெக்கிலிருந்து பின்னால் உலகப் புகழ் பெற்ற இயக்குநர் கை மேடினுக்கு முன்னோடி என்று தயங்காமல் சொல்லலாம். ரொறன்ரோ திரைப்பட விழாவில் திரையிட்ட பிறகு, முடிவுப் பகுதியில் நிறைவு காணாத இயக்குநர் அதைத் திரும்ப எழுதித் திரும்பப் படமாக்கினார். அவ்வளவு உழைப்புக்குப் பிறகும் அதற்கு முறையான திரையரங்க வெளியீடு வாய்க்கவில்லை. அதே ஆண்டில் அதே பெயரில் அமெரிக்கப் படமொன்று வந்துவிட்டதால், வீடியோக் கடைகளுக்கு வேறு பெயரில் போனது. மீட்டமைக்கப்பட்ட பிரதியில்தான் அந்த வண்ணங்கள் நகைச்சுவையின் ஒரு பாதி என்பது எனக்கு விளங்கியது. மங்கிய விஎச்எஸ் நாடாவில் பார்த்தவர்கள் அந்தப் பாதியைப் பார்க்கவே இல்லை.

மீட்டமைப்பு என்றவுடன் பழைய படத்தைப் புதிதுபோல் ஆக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். மூல நெகட்டிவ் கிடைத்தால் அதையும், கிடைக்காவிட்டால் எஞ்சிய நல்ல பிரதியையும் ஸ்கேன் செய்து, தூசியையும் கீறலையும் நீக்கி, கூடுமானால் இயக்குநரையோ ஒளிப்பதிவாளரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு வண்ணத்தைச் சரிசெய்வதே அந்த வேலை. கிரெயின் எனப்படும், படச்சுருளின் மணிமணியான இழையம் அழுக்கல்ல, அதைத் துடைத்தெடுக்கக் கூடாது. டொனால்ட் ஷெபிப் 1970இல் எடுத்த 'கோயின் டவுன் த ரோட்', கிழக்குக் கனடாவின் கேப் பிரெட்டன் தீவிலிருந்து பிழைப்புத் தேடி ரொறன்ரோவுக்குக் கார் ஏறும் இரண்டு இளைஞர்களின் கதை. 16 மில்லிமீற்றர் சுருளில், தெருவிலும் தொழிற்சாலையிலும் செய்திப்படம்போல் எடுக்கப்பட்ட அந்தப் படத்தைப் பளபளப்பாக்கினால், அதன் வறுமையும் சேர்ந்து துடைபட்டுப் போகும்.

திரையரங்குகளில் மதிப்புப் பெற்ற படங்களும் தப்பவில்லை. ரயில் கொள்ளையன் பில் மைனரைப் பற்றிய பிலிப் போர்சஸின் 'த கிரே பொக்ஸ்' (1982) சிறந்த படம் உட்பட கனடாவின் தேசியத் திரைப்பட விருதுகளான ஜினி விருதுகளில் ஏழை வென்றது. ஆனாலும் வீடியோ நாடாக் காலம் முடிந்ததும் கண்ணிலிருந்து மறைந்து, 2020இல் அமெரிக்க நிறுவனமான கினோ லோர்பர் வெளியிட்ட 4கே மீட்டமைப்பில்தான் திரும்பி வந்தது. போர்சஸ் 1995இலேயே, 41 வயதில் இறந்துவிட்டார்.

இந்த இறுவட்டுகளின் விளம்பர மொழியில் எனக்கு உடன்பாடில்லை. கண்டெடுக்கப்பட்டதெல்லாம் தலைசிறந்த படைப்பாகிவிடாது. 1981இன் பொலிஸ் வேலைநிறுத்தத்தைப் பின்னணியாகக் கொண்டு ஹலிபாக்ஸில் எடுக்கப்பட்ட 'சீஜ்' (1983) உண்மையில் ஒரு மலிவான வன்முறைப் படம். ஆனால், ஒருபாலுறவாளர்களின் மதுக்கூடத்துக்குள் புகுந்து தாக்கும் கும்பலை அந்தக் காலத்தில் அவ்வளவு பச்சையாகக் காட்டியது என்பதற்காகவே அதைப் பார்க்க வேண்டும். இப்படி அளந்து சொன்னால் இறுவட்டு விற்காது என்று நிறுவனங்கள் அஞ்சுகின்றனபோலும்.

அதைவிடப் பெரிய குறை, குறைந்த எண்ணிக்கையில் அச்சிட்டு, அழகான அட்டை உறை போட்டு, தீர்ந்ததும் இரட்டிப்பு விலைக்குக் கைமாற விடுகிற வழக்கம். வெளியீடு கிடைக்காமல் மறைந்த படத்தை மறுபடியும் கிடைக்காத பொருளாக்குவதற்கா இவ்வளவு பாடு? சிறு நிறுவனங்களுக்கு முன்பணம் வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. உறையை வேண்டுமானால் அபூர்வமாக்கட்டும், படத்தை அல்ல. இவற்றில் பல, மக்களின் வரிப்பணத்தாலோ வரிச்சலுகையாலோ உருவானவை என்பதால், சாதாரணப் பதிப்பொன்று எப்போதும் விற்பனையில் இருக்க வேண்டும் என்றும், ரொறன்ரோ பொது நூலகம் போன்றவை தமது கிளைகளுக்கு அவற்றை வாங்கி வைக்க வேண்டும் என்றும் கேட்பது பேராசையாகாது. உங்கள் கிளை நூலகத்தில் புதிய நூல்களையும் படங்களையும் பரிந்துரைக்க வழி இருக்கும். 'கிரைம் வேவ்' பெயரிலிருந்து தொடங்குங்கள்.