ஒம்ரி விலை கொடுத்து வாங்கிய மலை

வேதாகமம் வாசித்து வளர்ந்தவர்களுக்கு சமாரியா என்ற பேர் புதிதல்ல. கிணற்றடியில் இயேசுவிடம் பேசிய பெண், அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிக்கொண்டு போன நல்ல சமாரியன், ஆகாப் ராஜா, அவன் மனைவி யேசபேல் எல்லாம் ஞாயிறு பள்ளியிலேயே பழக்கம். அந்த சமாரியா நகரம் இருந்த மலை இன்றும் அப்படியே இருக்கிறது. மேற்குக் கரையில், நாப்லுஸ் நகரத்துக்கு வடமேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில். அதை ஒட்டி செபாஸ்தியா என்று ஒரு சின்ன பாலஸ்தீன ஊர். சில ஆயிரம் பேர் குடியிருக்கிறார்கள், ஒலிவ மரம் வளர்க்கிறார்கள்.

2025 நவம்பரில் இந்த ஊரைப் பற்றி ஒரு செய்தி வந்தது. தொல்லியல் தளத்தைப் பாதுகாக்கப் போகிறோம் என்று சொல்லி, மலையிலும் அதைச் சுற்றியும் சுமார் 450 ஏக்கரைக் கையகப்படுத்தப் போவதாக இஸ்ரேல் நிர்வாகம் அறிவித்தது. ஆயிரக்கணக்கான ஒலிவ மரங்கள் அதற்குள் வருகின்றன. நம் பக்கத்தில் யாரும் கண்டுகொள்ளவில்லை. காஸாவிலிருந்து தினமும் வந்த செய்திகளுக்கு நடுவே ஒரு மலை போவதை யார் கவனிப்பார்கள்? சரி, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. இந்த மலையில் இஸ்ரவேல் நாட்டின் தலைநகரைக் கட்டியவன் ஒம்ரி, ஆகாபின் தகப்பன். கி.மு. 9ஆம் நூற்றாண்டு. அவன் ராஜா, நினைத்திருந்தால் படையை அனுப்பி எடுத்திருக்கலாம். ஆனால் சேமேர் என்ற சொந்தக்காரனுக்கு இரண்டு தாலந்து (பழைய எடை அளவு) வெள்ளி கொடுத்து மலையை வாங்கினான் என்றுதான் ராஜாக்கள் முதலாம் புத்தகம் 16ஆம் அதிகாரம் சொல்கிறது. வேதத்தைக் காட்டி நிலத்தை உரிமை கொண்டாடுகிறவர்கள் இந்த ஒரு வசனத்தை மட்டும் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மலைமேல் இருப்பதைச் சொல்ல ஆரம்பித்தால் முடியாது. ஒம்ரியும் ஆகாபும் இருந்த அரண்மனையின் சுவர்கள் இருக்கின்றன. யானைத் தந்தத்தில் செதுக்கிய துண்டுகள் இங்கே தோண்டும்போது கிடைத்தன. தந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஏழைகளை மறந்தவர்களை ஆமோஸ் தீர்க்கதரிசி திட்டினாரே, அவர் காற்றில் திட்டவில்லை. கி.மு. 722 வாக்கில் அசீரியர்கள் நகரத்தைப் பிடித்தார்கள். பிறகு பாரசீகர், அலெக்ஸாண்டரின் மாசிடோனியர். கிரேக்கர் காலத்து வட்டக் கோபுரம் ஒன்று இன்னும் நிற்கிறது. யூத ஆட்சியாளன் ஹிர்கானஸ் வந்து நகரத்தை இடித்தான். பிறகு ஏரோது அதை மறுபடி கட்டி, ரோமப் பேரரசன் அகஸ்டஸைக் குளிர்விக்க அவன் பெயரையே கிரேக்கத்தில் செபாஸ்தே என்று வைத்தான். அகஸ்டஸுக்கு அவன் எழுப்பிய கோயிலின் அகலமான படிக்கட்டு இன்றும் இருக்கிறது. தான் பெற்ற இரண்டு மகன்களைக் கழுத்தை நெரித்துக் கொல்ல வைத்ததும் இதே ஊரில்தான். அந்தக் குடும்பம் அப்படி.

எனக்கு இந்த ராஜாக்களைவிடப் பிடித்தவை ஓடுகள். 1910இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது மையால் எழுதிய மண்பானை ஓடுகள் கிடைத்தன. கி.மு. 8ஆம் நூற்றாண்டு. எழுதியிருப்பது காவியமல்ல, கணக்கு. இன்ன ஆண்டில் இன்ன ஊரிலிருந்து இன்னாருக்கு ஒரு ஜாடி பழைய திராட்சரசம், ஒரு ஜாடி சுத்தமான எண்ணெய். இஸ்ரவேலரின் கடவுள் பெயரைச் சேர்த்து வைத்துக்கொண்டவர்களும், பாகால் என்ற கானானியத் தெய்வத்தின் பெயரைச் சேர்த்து வைத்துக்கொண்டவர்களும் அதே கணக்கில் வருகிறார்கள். ஓடுகளில் வரும் யாசித் என்ற ஊரை, நாப்லுஸுக்கு அருகே இன்றும் இருக்கும் யாசீத் என்ற பாலஸ்தீன கிராமமாக ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். அரசுகள் எத்தனையோ போய்விட்டன, ஊர் பேர் மாறவில்லை, எண்ணெயும் நிற்கவில்லை. அந்த ஓடுகள் இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில். அன்று ஒட்டோமான் ஆட்சி, அதனால் அங்கே போய்ச் சேர்ந்தன.

1931 முதல் 1935 வரை நடந்த அடுத்த அகழாய்வில் பிரிட்டிஷ் தொல்லியலாளர் கேத்லீன் கென்யன் இருந்தார். மண் அடுக்குகளைச் செங்குத்தாக வெட்டி, எது எதற்கு மேல் இருக்கிறது என்று படிக்கும் முறையை இங்கே கையாண்டார். அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்த மார்ட்டிமர் வீலர்தான் 1945இல் நம் அரிக்கமேட்டைத் தோண்டினார். அந்த முறைக்கே வீலர்–கென்யன் முறை என்று பேர். அதன் அடிப்படை, எல்லா அடுக்கையும் ஒரே மரியாதையோடு பார்ப்பது. தனக்குப் பிடித்த அடுக்கை எட்டுவதற்காக மேலே இருப்பதை வாரிக் கொட்டக் கூடாது.

ஊருக்குள் வந்தால் யோவான் ஸ்நானகனின் கல்லறை. அவரை இங்கே அடக்கம் செய்தார்கள் என்பது பழங்கால கிறிஸ்தவ மரபு. அதன்மேல் 12ஆம் நூற்றாண்டில் சிலுவைப் போர்க்காரர்கள் பெரிய கதீட்ரல் கட்டினார்கள். சுல்தான் சலாஹுத்தீன் காலத்தில் அது பள்ளிவாசலானது. முஸ்லிம்களுக்கு யோவான்தான் யஹ்யா நபி. இடிந்த கதீட்ரலின் சுவர்களுக்குள்ளேயே பள்ளிவாசல், நிலவறையில் கல்லறை. எலிசா தீர்க்கதரிசிக்கும் அங்கேதான் இடம் என்பார்கள். ஊர்க்காரர்கள் தொழுதுவிட்டு, கேட்கிறவர்களைக் கீழே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள்.

ஊருக்குப் பக்கத்தில் ஒட்டோமான் காலத்து ரயில் நிலையம் ஒன்றும் உண்டு. ரயில் ஓடவில்லை. ஆனால் மேற்குக் கரையின் தலையெழுத்தில் அந்தக் கட்டடத்துக்குப் பங்கு உண்டு. 1975இல் குஷ் எமுனிம் என்ற யூதக் குடியேற்ற இயக்கத்தார் அங்கே வந்து உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தார்கள். அப்போது இஸ்ரேலில் ரபின் பிரதமர், பெரஸ் பாதுகாப்பு அமைச்சர். கடைசியில் 30 குடும்பங்கள் அருகிலுள்ள ராணுவ முகாமில் தங்கலாம் என்று சமரசம் செய்தார்கள். அந்த முகாம் இன்று கெதுமிம் என்ற குடியேற்றம். அரசை வளைக்கலாம் என்று குடியேறிகள் கற்றுக்கொண்டது அங்கேதான்.

1990களில் இஸ்ரேலும் பாலஸ்தீனர்களும் செய்த ஓஸ்லோ ஒப்பந்தம் வந்தபோது கோடு போட்டார்கள். ஊர் 'பி' பகுதியில், அதாவது நிர்வாகம் பாலஸ்தீனர்களிடம், பாதுகாப்பு இஸ்ரேலிடம்; மலையும் அதன் இடிபாடுகளும் பெரும்பாலும் 'சி' பகுதியில், அதாவது முழுக்க இஸ்ரேல் கையில். செபாஸ்தியா நகராட்சி மேலே ஏதாவது வேலை செய்ய நினைத்தால் ராணுவ நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். பாலஸ்தீனர்கள் தளத்தைப் பராமரிக்கவில்லை, அதனால் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று இப்போது சொல்வதைக் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது. கையைக் கட்டிப் போட்டுவிட்டு ஏன் துடைக்கவில்லை என்று கேட்கிறார்கள். 2023இல் தளத்தை மேம்படுத்த சுமார் 3 கோடி ஷெகல் ஒதுக்கினார்கள். பணம் வந்த கையோடு நிலமும் போகிறது. ஊர்ச் சதுக்கத்தில் பாலஸ்தீனக் கொடி ஏற்றினால் ராணுவம் வந்து இறக்கும், மறுபடி ஏற்றுவார்கள். 2025 ஜனவரியில் 14 வயதுப் பையன் ஒருவன் அந்த ஊரில் ராணுவத்தால் சுட்டுக் கொல்லப்பட்டான்.

இங்கே என் பக்கத்து ஆட்களோடும் எனக்கு ஒரு சண்டை உண்டு. பாலஸ்தீனத்தை ஆதரிக்கிறேன் பேர்வழி என்று, அங்கே இஸ்ரவேலர் வரலாறே கிடையாது, எல்லாம் கட்டுக்கதை என்று எழுதுகிறார்கள். தவறு. ஒம்ரியின் அரண்மனை உண்மை, ஓடுகள் உண்மை. யூதர்கள் அந்த மலையைப் பார்த்து நெகிழ்ந்தால் அதில் பொய் இல்லை. ஆனால் சுமார் 2,900 ஆண்டுக்கு முன்னால் ஒருவர் கட்டிய சுவர், இன்று அதன் பக்கத்தில் ஒலிவ மரம் வைத்திருப்பவரின் பட்டாவை ரத்து செய்யாது. செய்யுமென்றால் அசீரியன், கிரேக்கன், ரோமன், சிலுவைப் போருக்கு வந்த பிரெஞ்சுக்காரன் எல்லாரும் வரிசையில் நிற்கலாம். இதை நான் மட்டும் சொல்லவில்லை. எமெக் ஷாவே என்ற இஸ்ரேலியத் தொல்லியலாளர் அமைப்பே இந்தத் திட்டத்தை எதிர்க்கிறது.

தளத்தைப் பாதுகாக்க வேண்டுமென்றால் வழி இருக்கிறது. 2012 முதலே செபாஸ்தியா யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் பாலஸ்தீனத்தின் பெயரில் இருக்கிறது. அதைப் பிடித்து நகர்த்தலாம், எல்லா நாட்டு ஆய்வாளர்களும் வரலாம். வேலி போட்டு ஊரை வெளியே நிறுத்தினால் மேலே மிஞ்சுவது ஒரு பூங்கா, கீழே மிஞ்சுவது வருமானம் போன உணவகங்கள்.

நிலைமை கொஞ்சம் அடங்கிய பிறகு புனிதப் பயணம் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நாப்லுஸில் யாக்கோபின் கிணறுவரை போகிற குழுக்கள் உண்டு. சோதனைச் சாவடி திறந்திருந்தால் அங்கிருந்து செபாஸ்தியா அரை மணி நேரம்தான். டூர் ஏஜெண்ட் தானாகச் சேர்க்க மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும். போனால் மலையை மட்டும் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடாதீர்கள். ஊருக்குள் இறங்கி நடங்கள், அங்கேயே சாப்பிடுங்கள், எண்ணெய் விற்றால் ஒரு பாட்டில் வாங்குங்கள்.